எ ஷெஃப்ஸ் லைஃப்: தொடரும் அதன் சமையலும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது என்ன தொடர்?

அமெரிக்காவின் பொதுத் தொலைக்காட்சியான பி.பி.எஸ்.ஸில் 2013 செப்டம்பரில் தொடங்கிய ஆவணத் தொடர். 5 சீசன்கள் ஓடி, 2018-இல் ஒரு மணி நேரச் சிறப்பு நிகழ்ச்சியோடு முடிந்தது. மையத்தில் இருப்பவர் விவியன் ஹோவர்ட் என்ற சமையல் கலைஞர். வட கரோலினா மாநிலத்தின் கிழக்குப் பகுதியில் டீப் ரன் என்ற சிற்றூரில், புகையிலையும் பன்றியும் வளர்த்த குடும்பத்தில் பிறந்தவர். நியூயார்க் உணவகங்களில் வேலை பார்த்துவிட்டு ஊர்ப்பக்கம் திரும்பி, 2006-இல் கணவர் பென் நைட்டுடன் கின்ஸ்டன் நகரில் 'ஷெஃப் அண்ட் தி ஃபார்மர்' உணவகத்தைத் திறந்தார். அந்த உணவகத்தின் அன்றாடமும், அந்த வட்டாரத்துப் பாட்டிமார் சமையலும்தான் தொடரின் இரண்டு இழைகள்.

இயக்குநர் சிந்தியா ஹில்லும் அதே பகுதியைச் சேர்ந்தவர். வெளியூர்ப் படக்குழு வந்து 'கிராமத்து மணம்' தேடுகிற தொனி இதில் இல்லாததற்கு முதல் காரணம் அதுதான். ஒளிபரப்புத் துறைக்கான பீபாடி விருது 2013-ஆம் ஆண்டுக்கு இத்தொடருக்குக் கிடைத்தது.

எப்படி உருவானது?

அக்கம்பக்கத்தார், முட்டைக்கோஸ் இனத்தைச் சேர்ந்த கொலார்ட் கீரையை உப்பில் புளிக்க வைப்பதைப் பார்க்க விவியனைக் கூப்பிட்டார்கள். இப்படி மறைந்துகொண்டிருக்கும் கைப்பழக்கங்களைப் படமாக்கி வைக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றி, சிந்தியா ஹில்லை அழைத்தார். முதலில் மனத்தில் இருந்தது அவ்வளவுதான். 2012 ஜனவரியில் உணவகத்தின் சமையற்கட்டு தீப்பிடித்தது. அதை மறுபடி எழுப்பும் பாடும் படத்துக்குள் வந்து சேர, கதை உணவகத்தின் பக்கமும் விரிந்தது.

இதைப் பார்த்துச் சமைக்கக் கற்றுக்கொள்ள முடியுமா?

அளவு சொல்லி, கிண்ணம் கிண்ணமாக அடுக்கிக் காட்டும் நிகழ்ச்சி என்று நினைத்து உட்கார்ந்தால் ஏமாற்றம்தான். ஒரு பகுதி சுமார் 26, 27 நிமிடம். ஒவ்வொன்றும் ஒரே ஒரு விளைபொருளைப் பிடித்துக்கொள்ளும்: இனிப்புச் சோளம், நிலக்கடலை, சர்க்கரைவள்ளி, வெண்டை, மோர் என்று. அந்தப் பொருள் விளையும் இடத்துக்குப் போவார்கள். அதை வழக்கமாகச் சமைக்கும் ஒருவர் வீட்டுக்குப் போவார்கள். கடைசியில் உணவகத்தில் அது புது வேடத்தில் தட்டுக்கு வரும். நடுநடுவே ஆள் பற்றாக்குறை, இரட்டைக் குழந்தைகள், வராத சரக்கு.

கவனிக்க வேண்டியது இரண்டாவது கட்டம். அந்த வீட்டுச் சமையற்கட்டுகளில் யாரும் அளப்பதில்லை. ஆனால் கை என்ன செய்கிறது என்று கேமரா விடாமல் காட்டுகிறது. மாவு எந்தப் பதத்தில் விரலில் ஒட்டுகிறது, கொழுப்பு எந்த நிறத்தில் இறக்கப்படுகிறது என்பவற்றை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். உணவகத் தட்டுகளைப் பார்த்து வீட்டில் செய்ய முயல வேண்டாம். அவற்றில் பாதி, முதல் நாளே செய்து வைத்த நாலைந்து துணைப் பொருள்களின் கூட்டு.

எதிலிருந்து தொடங்கலாம்? எங்கே கிடைக்கும்?

முதல் சீசன், முதல் பகுதி. இனிப்புச் சோளம் பற்றியது. இடம், ஆட்கள், தொனி எல்லாம் அதிலேயே பிடிபட்டுவிடும். முதல் இரண்டு சீசன்களும் வரிசையாகப் பார்க்கத் தக்கவை. பின்னால் வருபவற்றில் விவியனின் பயணங்களும் தொழில் விரிவாக்கமும் கூடுதல் இடம் பிடித்துக்கொள்கின்றன. அங்கே உங்களுக்குப் பிடித்த பொருள் எதுவோ அந்தப் பகுதியை மட்டும் எடுத்துப் பார்க்கலாம்.

பி.பி.எஸ். தளத்திலும் செயலியிலும் இருப்பவை அமெரிக்காவுக்கு வெளியே ஓடாமல் போகலாம். உரிமம் அவ்வப்போது கை மாறும் என்பதால், பார்க்க உட்காரும் நாளில் தேடிப் பார்ப்பதே சரி. எழுத்து வரிகளைப் போட்டுக்கொள்ளுங்கள். ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்களுக்கும் கிழக்கு வட கரோலினாவின் இழுவைப் பேச்சு முதல் இரண்டு பகுதிகளுக்குப் பிடிபடாது.

கின்ஸ்டன் எப்படிப்பட்ட ஊர்?

நூஸ் ஆற்றங்கரையில், ஏறத்தாழ 20,000 பேர் வாழும் நகரம். புகையிலையும் ஜவுளியும் ஊரைத் தாங்கிய காலம் போய், கடைத்தெரு காலியாகிக் கிடந்தபோதுதான் உணவகம் வந்தது. 2004-இல் அமெரிக்க அரசு புகையிலைக்கான ஒதுக்கீட்டு முறையை முடித்து, விவசாயிகளுக்கு இழப்பீடு கொடுத்தது. சிறு விவசாயிகள் பலர் வேறு பயிர் தேட வேண்டியதாயிற்று. தொடரில் காய்கறி விவசாயிகள் ஏன் உணவகத்தின் ஒவ்வொரு கொள்முதலையும் அவ்வளவு கணக்காகப் பார்க்கிறார்கள் என்பது இந்தப் பின்னணி தெரிந்தால் விளங்கும்.

திரும்பத் திரும்ப வரும் முகங்கள் யார்?

லில்லி ஹார்டி, வாரன் பிரதர்ஸ் இருவரையும் நினைவில் வைத்தால் போதும். லில்லி பிஸ்கட் முதலான பழைய பக்குவங்களைக் காட்டும் மூதாட்டி. தொடரிலேயே நகைச்சுவை அதிகம் வருவதும் இவரிடமிருந்துதான். வாரன் பிரதர்ஸ் காய்கறி விவசாயி. ஒரே ஆள்தான், 'பிரதர்ஸ்' அவர் குடும்பப் பெயர். விவியனின் பெற்றோரும் அடிக்கடி தலைகாட்டுவார்கள்.

லில்லி ஹார்டியின் பிஸ்கட் வீட்டில் ஏன் கல்லாகிறது?

அதிகம் வரும் கேள்வி இதுதான், பதிலும் நீளம். இங்கே பிஸ்கட் என்பது டீயில் நனைக்கும் மொறுமொறு வகை இல்லை. சூடாகப் பிட்டுச் சாப்பிடும், உப்புச் சுவையுள்ள, மென்மையான சிறு ரொட்டி.

முதல் சிக்கல் மாவு. அமெரிக்கத் தென்மாநிலங்களில் பிஸ்கட்டுக்கு மென்கோதுமை மாவு வாங்குவார்கள். புரதம் 8, 9 சதவீதம்தான் இருக்கும். பேக்கிங் பவுடரும் உப்பும் கலந்தே வருவதும் உண்டு. நம் கடை மைதாவில் புரதம் பெரும்பாலும் அதைவிட அதிகம். பிசையப் பிசைய இழுவை வரும், வெந்ததும் இறுகும். மைதாவில் கொஞ்சத்தை எடுத்துவிட்டு கார்ன்ஃப்ளார் சேர்த்தால் சரியாகும்.

8 பிஸ்கட்டுக்கு: மைதா 220 கிராம், கார்ன்ஃப்ளார் 30 கிராம், பேக்கிங் பவுடர் 3 தேக்கரண்டி, ஆப்ப சோடா கால் தேக்கரண்டி, உப்பு முக்கால் தேக்கரண்டி, உப்பில்லா வெண்ணெய் 80 கிராம், கெட்டித் தயிர் 150 கிராம், அதைத் தளர்த்த 40 மில்லி தண்ணீர் அல்லது பால்.

இரண்டாவது சிக்கல் வெயில். அங்கே பழைய வழக்கம் பன்றிக் கொழுப்பு. அது வெண்ணெயைவிடக் கொஞ்சம் கூடுதல் சூடு தாங்கும். வெண்ணெய் 30 டிகிரியைத் தாண்டினால் இளகிவிடும். சித்திரை மாதத்துச் சமையற்கட்டில் கைச்சூடே போதும் அதற்கு. உருகிய வெண்ணெய் மாவோடு ஒன்றாகிவிட்டால், அடுப்பில் நீராவியாகி இடைவெளி உண்டாக்க எதுவும் மிஞ்சாது. ஆகவே மாவைப் பாத்திரத்தோடு அரைமணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். வெண்ணெயை ஃப்ரீசரில் இறுக்கி, கேரட் துருவியில் நேராக மாவின்மேல் துருவி, விரல் நுனியால் புரட்டி விடுங்கள். உள்ளங்கை படக் கூடாது.

நடுவில் குழி பறித்துத் தயிரை ஊற்றி, சுற்றியுள்ள மாவைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளுங்கள். சப்பாத்தி மாவு போல வழுவழுப்பாக வர வேண்டும் என்று பிசைந்தால் அங்கேயே கெட்டது. திட்டுத் திட்டாக, ஈரமாக, கையில் ஒட்டுகிற பதம்தான் சரி. பலகையில் மைதா தூவிக் கொட்டி, 2 செ.மீ. கனத்துக்குத் தட்டி, மூன்றாக மடித்து மறுபடி தட்டுங்கள். இரண்டு மடிப்பு போதும். வட்ட அச்சை நேராக அழுத்தி நேராகத் தூக்க வேண்டும். திருகினால் ஓரம் ஒட்டிக்கொண்டு ஒரு பக்கம் சாய்ந்து உப்பும். அச்சே இல்லாமல் கிள்ளி உருட்டித் தட்டும் பழைய முறையும் உண்டு. அதற்கு மாவு இன்னும் சற்றுத் தளர்வாக இருக்க வேண்டும்.

மூன்றாவது, அடுப்பு. 230 டிகிரி. ஓ.டி.ஜி. என்ற சிறு மின்சார அடுப்பை 20 நிமிடம் முன்னதாகவே போட்டு வையுங்கள். விளக்கு அணைந்தவுடன் உள்ளே வைத்தால் அதன் சுவர்கள் இன்னும் சூடாகியிருக்காது. பிஸ்கட்டுகள் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு இருக்கட்டும், அப்போதுதான் பக்கவாட்டில் பரவாமல் மேலே எழும். 13 முதல் 15 நிமிடம்.

பிஸ்கட்டில் மோருக்குப் பதில் ஏன் தயிர்? நம்மிடம்தான் மோர் இருக்கிறதே?

அங்கே பிஸ்கட்டில் விடுவது மோர்தான், ஆனால் கடையில் அந்தப் பெயரில் விற்பது பாலைப் புளிக்க வைத்துக் கெட்டியாக்கியது. ஊற்றினால் மெதுவாக வழியும். வெண்ணெய் எடுத்து நீர் விட்ட நம் மோரில் புளிப்பும் குறைவு, கனமும் குறைவு. ஆப்ப சோடா பொங்க அமிலம் வேண்டும். ஒருநாள் புளித்த தயிரைக் கடைந்து, தோசை மாவைவிடச் சற்றுத் தளர்வாக்கினால் அந்த இடத்துக்கு வந்துவிடும். பால் பாக்கெட்டில் எலுமிச்சை பிழியும் குறுக்கு வழி வேலை செய்யும். ருசி வராது.

கிழக்கு வட கரோலினா மீன் ஸ்டூ: முட்டை எதற்கு? ஏன் கிளறக் கூடாது?

வட்டாரத்துக்கு வெளியே அதிகம் தெரியாத உணவு இது. ஆனால் கின்ஸ்டன், டீப் ரன் பக்கத்தில் ஆட்கள் கூடினால் பெரிய இரும்பு அண்டாவில் இதுதான். மீன் குறைவாகவும் வாய் அதிகமாகவும் இருக்கும் கூட்டத்துக்கு முட்டை கைகொடுக்கும்.

6 பேருக்கு: எலும்போடு மீன் 1 கிலோ, 100 கிராமுக்குக் குறையாத துண்டுகளாக, உருளைக்கிழங்கு 750 கிராம், பெரிய வெங்காயம் 500 கிராம், பேக்கன் (உப்பிட்டுப் புகையூட்டிய பன்றிக்கறித் துண்டுகள்) 200 கிராம், தக்காளி பேஸ்ட் 100 கிராம், பூண்டு 6 பல், காய்ந்த மிளகாய் ஒன்றிரண்டாக இடித்தது 1 தேக்கரண்டி, உப்பு 1 மேசைக்கரண்டி, முட்டை 6.

அகன்ற, அடிகனமான பாத்திரத்தில் பேக்கனைச் சிறு தீயில் முறுக விட்டு எடுத்து வையுங்கள். அந்தக் கொழுப்பிலேயே தக்காளி பேஸ்டை 3 நிமிடம், செங்கல் நிறம் வரும்வரை வதக்கி அடுப்பை அணையுங்கள். உருளையும் வெங்காயமும் அரை செ.மீ. கன வட்டங்களாக இருக்கட்டும். கீழே உருளை, அதன்மேல் வெங்காயம், அதன்மேல் மீன். உப்பு, மிளகாய், தட்டிய பூண்டு தூவி மறுபடி அதே வரிசை. மேல் அடுக்கு மூழ்கியும் மூழ்காமலும் இருக்கும் அளவுக்குத் தண்ணீர். மூடி, மெதுவாகக் கொதிக்க விட்டு, பிறகு திறந்து சிறு தீயில் 15 நிமிடம்.

கரண்டியை இனி உள்ளே விடவே கூடாது. வேண்டுமானால் பாத்திரத்தைக் காதுகளில் பிடித்து லேசாக ஆட்டலாம். கிளறினால் மீன் நார் நாராகி முள் எல்லா இடத்திலும் பரவிவிடும். உருளை முக்கால் பதம் வெந்ததும் முட்டைகளை ஒவ்வொன்றாக, ஒன்றின்மேல் ஒன்று விழாமல் மேற்பரப்பில் உடைத்து விடுங்கள். 8, 10 நிமிடத்தில் வெள்ளைக்கரு இறுகும். ஒவ்வொரு கிண்ணத்திலும் கிழங்கு, மீன், ஒரு முட்டை, மேலே பேக்கன். தொட்டுக்கொள்ள வெறும் வெள்ளை பிரெட். பிரெட்டை மாற்றாதீர்கள், சாறை உறிஞ்சத்தான் அது.

மீன்: அங்கே கெட்டியான வெள்ளைச் சதை மீன்கள் போடுவார்கள். நம்மிடம் கொடுவா, விளைமீன், பெரிய பாறை நன்றாக நிற்கும். மத்தி, கானாங்கெளுத்தி வேண்டாம். எண்ணெய் அதிகம், கரைந்தும் போகும். முள் எடுத்த ஃபில்லெட் போட்டால் சாறில் உடலே இருக்காது, தலையையும் சேருங்கள்.

என்ன தவறுகிறது? உருளையைத் தடிமனாக நறுக்குவது முதலிடம்: அது வேகும்வரை காத்திருந்தால் மீன் பஞ்சாகிவிடும். பேஸ்டுக்குப் பதில் பச்சைத் தக்காளிச் சாறு ஊற்றுவது அடுத்தது, நீர்த்துப்போகும். தக்காளிதான் வேண்டும் என்றால் அரை கிலோவை அரைத்து, எண்ணெய் பிரியும்வரை சுருக்கிப் போடுங்கள். கை பழகிய பழக்கத்தில் புளி கரைத்துவிடாதீர்கள். மீன் குழம்பாகிவிடும் என்பது ஒரு பக்கம். புளிப்பு அதிகமானால் உருளை வேகவும் நேரம் பிடிக்கும்.

கொலார்ட் கீரை இங்கே கிடைக்குமா?

அதே பெயரில் எளிதாகக் கிடைக்காது. ஆனால் முட்டைக்கோஸ், காலிஃப்ளவர், நூக்கோல், கொலார்ட் எல்லாம் ஒரே தாவர இனம். காஷ்மீரில் ஹாக் என்று சமைப்பதும் இதே வகைதான். நூக்கோல் இலையும் காலிஃப்ளவரைச் சுற்றியுள்ள இலையும் சந்தையில் சும்மாவே கொட்டிக் கிடக்கும். நடு நரம்பைச் சீவிவிட்டு, விரல் அகலத்துக்கு அரிந்து பயன்படுத்துங்கள்.

அங்கே சமைக்கும் விதம் நமக்கு விநோதமாகத் தெரியும். புகையூட்டிய பன்றி எலும்பை ஒரு மணி நேரம் தண்ணீரில் கொதிக்க விட்டு, அந்தச் சாறில் கீரையை மூடி போட்டு இன்னொரு 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம். நிறம் கருத்த ஆலிவ் பச்சையாகும், அது பிழையல்ல. மிஞ்சும் சாறைக் கொட்டமாட்டார்கள். சோள ரொட்டியை அதில் நனைத்துச் சாப்பிடுவார்கள். இறக்கியபின் மிளகாய் ஊறிய வினிகர் ஒரு கரண்டி விட்டால் கசப்பு அடங்கும்.

உறைபனிக்குப் பிறகு பறித்த கொலார்ட் இனிக்கும் என்று தொடரில் வருவது வெறும் நம்பிக்கை இல்லை. குளிரைத் தாங்க அந்தச் செடி மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றிக்கொள்கிறது.

கொலார்டைப் புளிக்க வைப்பது எப்படி? சென்னையில் செய்தால் கொழகொழக்கிறதே?

கீரையைக் கழுவி, நன்றாக உலர்த்தி, மெல்லிசாக அரிந்து, எடைக்கு 2 முதல் 2.5 சதவீதம் அயோடின் சேர்க்காத உப்புப் போட்டு, சாறு விடும்வரை கசக்குங்கள். கொலார்ட் வகையில் முட்டைக்கோஸ் அளவுக்கு நீர் இல்லை. பாதிக்குப் பாதி முட்டைக்கோஸ் கலந்தால் தானே மூழ்கும்; இல்லாவிட்டால் லிட்டருக்கு 25 கிராம் உப்புக் கரைத்த தண்ணீர் ஊற்றுங்கள். மேலே கனம் வைத்து, இலை எதுவும் காற்றில் தலைகாட்டாமல் அழுத்த வேண்டும்.

20 டிகிரியில் இது 3 வாரம் எடுக்கும். 32 டிகிரியில் 4, 5 நாளில் புளித்து, அதன்பின் கூழாகத் தொடங்கும். மூன்றாம் நாளிலிருந்து ருசி பாருங்கள், பிடித்த புளிப்பு வந்ததும் ஃபிரிட்ஜுக்கு. மேலே வெள்ளைப் படலம் மட்டும் என்றால் வழித்து எறிந்தால் போதும். பஞ்சு போல, பச்சையாகவோ கறுப்பாகவோ பூஞ்சை வந்தால் முழுவதையும் கொட்டுங்கள்.

பார்பெக்யூவில் சிவப்புச் சாஸ் எங்கே?

கிழக்கு வட கரோலினாவில் தக்காளி கிடையாது. முழுப் பன்றியை மரக்கட்டைத் தணலில் இரவெல்லாம் வைத்து, மறுநாள் கொத்தி, வினிகரும் மிளகாயும் கலந்த தண்ணியான சாறு ஊற்றுவார்கள். மாநிலத்தின் நடுப்பகுதிக்குப் போனால் தோள்கறி மட்டும், சாறில் கொஞ்சம் கெச்சப். இரண்டு தரப்பும் மற்றதை ஒப்புக்கொள்வதில்லை. ஹைதராபாத், திண்டுக்கல் பிரியாணிச் சண்டை பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. ஏய்டன் ஊரில் 1947 முதல் இருக்கும் ஸ்கைலைட் இன், கிழக்குப் பாணிக்குப் பெயர்பெற்ற இடம்.

சாறு: ஆப்பிள் சைடர் வினிகர் 500 மில்லி, இடித்த காய்ந்த மிளகாய் 1 மேசைக்கரண்டி, மிளகுத்தூள் 1 தேக்கரண்டி, உப்பு 2 தேக்கரண்டி, சர்க்கரை 1 மேசைக்கரண்டி. கொதிக்க வைக்காமல் பாட்டிலில் குலுக்கி, ஒருநாள் வைத்திருந்தால் போதும். மலிவான செயற்கை வினிகர் மூக்கை அடைக்கும். தென்னங்கள் வினிகர் கிடைத்தால் அது பொருந்தும். தணலில் சுட்ட கோழிக்கு, இறக்கியதும் சூட்டோடு ஊற்றுங்கள்.

அங்கத்துச் சோளக் கஞ்சியான கிரிட்ஸை எதில் செய்வது?

மக்காச்சோள ரவையில். மஞ்சளாக இருக்கும், பரவாயில்லை. 1 பங்குக்கு 4 பங்கு தண்ணீர். பச்சைத் தண்ணீரிலேயே போட்டுக் கலக்கி, மிதக்கும் உமியை வடித்துவிட்டு அடுப்பில் ஏற்றினால் கட்டி தட்டாது. கொதிக்கும் நீரில் உப்புமாவுக்குக் கொட்டுவது போலக் கொட்டினால் வெளியே வெந்து உள்ளே மாவு நிற்கும். சிறு தீயில் 35, 40 நிமிடம், அவ்வப்போது கிளறி. கடைசியில் அரை கப் பால், வெண்ணெய், உப்பு. 15 நிமிடத்தில் கெட்டியாகி 'ஆகிவிட்டது' போலத் தெரியும். ஒரு பருக்கையை நாக்கில் வைத்துப் பாருங்கள், நடுவில் நறநறத்தால் இன்னும் தண்ணீர் விட்டு வேக வையுங்கள்.

சர்க்கரைவள்ளிக் கிழங்கு அங்கே ஏன் அவ்வளவு இனிக்கிறது?

1971 முதல் அமெரிக்காவில் சர்க்கரைவள்ளி விளைச்சலில் முதலிடம் வட கரோலினாவுக்குத்தான். அங்கே அதிகம் பயிராகும் கோவிங்டன் ரகத்தை வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகம் 2005-இல் வெளியிட்டது. ஆனால் ருசியின் ரகசியம் ரகத்தில் மட்டும் இல்லை, அறுவடைக்குப் பிறகு செய்யும் பக்குவத்திலும் இருக்கிறது.

தோண்டிய கிழங்கை 29, 30 டிகிரிச் சூட்டில், 85 முதல் 90 சதவீத ஈரப்பதத்தில் 4 முதல் 7 நாள் வைக்கிறார்கள். தோல் கீறல்கள் ஆறி மூடிக்கொள்கின்றன. பிறகு 13 டிகிரிக்கு இறக்கி மாதக்கணக்கில் சேமிக்கிறார்கள். இந்தக் காலத்தில் மாவுச்சத்து கொஞ்சம் கொஞ்சமாகச் சர்க்கரையாகிறது. தோண்டிய அன்றே வேக வைத்தால் மாவாகத்தான் இருக்கும்.

நம் ஊர்க் காற்றில் இந்தச் சூடும் ஈரமும் பல மாதங்களுக்கு இலவசம். மண்ணைத் தட்டிவிட்டு, கழுவாமல், காற்றோட்டமான கூடையில் ஈரத் துணி மூடி ஒரு வாரம் வையுங்கள். பிறகு துணியை எடுத்துவிட்டு நிழலில் இன்னும் இரண்டு வாரம். ஃபிரிட்ஜில் மட்டும் வைக்காதீர்கள். குளிர் தாக்கிய கிழங்கு எவ்வளவு வெந்தாலும் நடுவில் கட்டியாகவே நிற்கும்.

சமைப்பதிலும் ஒரு சூட்சுமம். கிழங்கிலுள்ள நொதி ஏறக்குறைய 60 முதல் 75 டிகிரிக்குள் இருக்கும்போதுதான் மாவை இனிப்பாக மாற்றும். பிரஷர் குக்கர் அந்த எல்லையை நாலைந்து நிமிடத்தில் தாண்டிவிடுகிறது. குளிர்ந்த ஓ.டி.ஜி.யில் முழுக் கிழங்கை வைத்து, 200 டிகிரிக்குத் திருப்பி, ஒரு மணி நேரத்துக்குமேல் விடுங்கள். தோலில் பாகு கசிந்து கருகத் தொடங்கினால் சரியான பதம். ஒரே கூடைக் கிழங்கை இரண்டு முறையிலும் செய்து ருசி பார்த்தால் சந்தேகம் தீரும்.

முதல் பகுதியில் வரும் சோளத்தை எப்படிச் சேமிப்பது?

பறித்த கதிரில் இனிப்பு வேகமாக மாவாகும்; வெயிலில் கிடந்தால் இன்னும் வேகம். அதனால் பறித்த அன்றே வேலையை முடிக்கப் பார்ப்பார்கள். கதிரை 4 நிமிடம் கொதிநீரில் போட்டு, ஐஸ் தண்ணீரில் ஆற்றுங்கள். கத்தியால் மணியின் மேல் பாதியை மட்டும் சீவி, பிறகு கத்தியின் முதுகால் தண்டை வழித்தால் பால் இறங்கும். இரண்டையும் கலந்து, தட்டையான பைகளில் ஃப்ரீஸ் செய்யுங்கள். கொஞ்சம் வெண்ணெயில் சுட வைத்தால் கார்ன்ஃப்ளாரே இல்லாமல் கெட்டியாகும்.

பன்றி சாப்பிடாதவர்கள் என்ன செய்வது?

அங்கே பன்றி பெரும்பாலும் தாளிப்பு வேலைதான் செய்கிறது: உப்பு, கொழுப்பு, புகை. மூன்றையும் தனித்தனியாகக் கொடுங்கள். கொழுப்புக்கு நெய் அல்லது வெண்ணெய். புகைக்கு, தணலான கரித்துண்டைச் சிறு கிண்ணத்தில் வைத்து, உணவின் நடுவே இறக்கி, ஒரு சொட்டு நெய் விட்டு 5 நிமிடம் மூடி வையுங்கள். அதற்குமேல் போனால் கசக்கும். புகையூட்டிய பாப்ரிகா (காரம் குறைந்த மிளகாய்ப்பொடி) கிடைத்தால் அரைத் தேக்கரண்டி போதும். பிஸ்கட்டில் ஏற்கெனவே வெண்ணெய்தான். பன்றிக்கால் உப்புக்கண்டத்துக்கு மட்டும் மாற்று கிடையாது. அந்தப் பகுதியைப் பார்த்து ரசிப்பதோடு சரி.

கறுப்பினச் சமையல்காரர்களின் பங்கு தொடரில் சரியாக வருகிறதா?

ஆள்களாக வருகிறார்கள், வரலாறாக அவ்வளவு வருவதில்லை. வெண்டை ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. அடிமைப்பட்ட மக்களின் கைகளில் உருவான பக்குவங்கள்தான் இந்தச் சமையலின் பெரும்பகுதி. லில்லி ஹார்டி திரையில் வரும் நிமிடங்கள் தொடரின் உச்சம் என்றாலும், அந்த அறிவு அவருக்கு எங்கிருந்து, எந்த நிலையில் வந்தது என்ற கேள்வியைத் தொடர் மெதுவாகக் கடந்துவிடுகிறது. 2020-இல் வந்த 'சம்வேர் சவுத்' இந்தக் குறையைக் கொஞ்சம் சரிசெய்கிறது.

'சம்வேர் சவுத்' என்ன? அடுத்த பாகமா?

விவியனே நடத்தும், 6 பகுதிகள் கொண்ட வேறு தொடர், அதே பி.பி.எஸ்.ஸில். இங்கே விளைபொருளுக்குப் பதில் உணவு வகை: கஞ்சி, கொழுக்கட்டை வகைகள், ஊறுகாய், கீரை, பார்பெக்யூ, உள்ளே பூரணம் வைத்த கைப்பலகாரம். ஒரே வகையைத் தென்மாநிலங்களில் வாழும் பல சமூகத்தார் எப்படிச் செய்கிறார்கள் என்று ஒப்பிட்டுப் போகும். சமையல் மட்டும் வேண்டும், உணவகத்து அக்கப்போர் வேண்டாம் என்பவர்கள் இதிலிருந்தே தொடங்கலாம்.

உணவகம் இன்னும் இருக்கிறதா?

தொடரில் பார்க்கும் வடிவில் இல்லை. 2022-இல் மூடப்பட்டது, பின்னர் அதே இடத்தில் சிறிய அமைப்பாக மீண்டும் வந்தது. பயணத் திட்டம் போடுபவர்கள் திறந்திருக்கும் நாள்களை முன்பே உறுதி செய்துகொள்ளுங்கள். கின்ஸ்டன், மாநிலத் தலைநகர் ராலேயிலிருந்து காரில் ஒன்றரை மணி நேரத் தூரம்.

அளவுகளோடு புத்தகம் உண்டா?

உண்டு. 2016-இல் வந்த 'டீப் ரன் ரூட்ஸ்'. இதுவும் பொருளுக்கு ஓர் அத்தியாயம். அளவுகள் அமெரிக்கக் கப்பில் இருக்கும்: திரவத்துக்கு 1 கப் சுமார் 240 மில்லி, மாவுக்கு 120 முதல் 125 கிராம் என்று கொள்ளுங்கள். கப்பில் அழுத்தி நிரப்பினால் மாவு 150 கிராமைத் தொட்டுவிடும். பிஸ்கட் வறண்டு போவதற்குப் பாதி நேரம் இதுதான் காரணம்.

அதில் வரும் பட்டர்பீன்ஸ் நம் பட்டர் பீன்ஸ்தானா?

ஆமாம், லைமா பீன்ஸ் வகை. ஊட்டி, கொடைக்கானல் பக்கத்திலிருந்து வரும் பட்டர் பீன்ஸும் டபுள் பீன்ஸும் அதே குடும்பம். பச்சையாக உரித்த கொட்டையை, மேலே இரண்டு விரல் தண்ணீர் நிற்க, மூடாமல், நுரையை எடுத்துக்கொண்டே 30, 40 நிமிடம் வேக வையுங்கள். உப்பு, வெண்ணெய், மிளகு மட்டும். குக்கரில் வைப்பதானால் ஒரே விசில். இரண்டாவது விசிலில் தோல் கழன்று மசிந்துவிடும்.